முகத்துவாரத்தில் நான் காட்டிய கை

சந்தியா, இதைப் படிக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி வைத்துக்கொள். தரையில் மடக்கி உட்காராதே. டாக்டர் சொன்னதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும், மறைக்கத் தேவையில்லை. நீ மட்டும் படிப்பதற்காக இதை எழுதவில்லை. நீ முதலில் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் உனக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்த கோவளத்து மாஸ்டரிடம் காட்டு, ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மீனவர் சங்கத்தில் பல வருஷம் தீர்மானம் எழுதிய கை இது. 'மேற்படி பொருள் குறித்து விவாதிக்கப்பட்டு' என்று ஆரம்பித்தால் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் ஓடும். உனக்கு எழுத உட்கார்ந்தால் ஓடமாட்டேன் என்கிறது. இதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது நீ பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே போனில் பேசினாய். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். நான் சுவருக்கு இந்தப் பக்கம் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. உன் குரல் உன் அம்மாவிடமிருந்து வந்த குரல், மெதுவாகப் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும். பேசியது மாஸ்டர். தூத்துக்குடிப் பெண் ஒருத்தி, தண்ணீருக்கு மேல் பறக்கிற உன்னுடைய அதே மின்சாரப் பலகையில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடலைக் கடக்கப்போகிறாள், அவளுக்கு முன்னால் போகும் படகில் உட்கார்ந்து வழி சொல்ல நீ வர வேண்டும், பலகையும் தெரிந்து தண்ணீரும் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேணாம் மாஸ்டர். காட்டுன வழில வரத் தெரியாம நானும் கவுந்து, உங்க எல்லாரு ஒழைப்பையும் கவுத்தவ நான். இன்னொருத்தி உசுர என் கைல குடுக்காதீங்க." அவர் வெள்ளிக்கிழமை வரை யோசிக்கச் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நீ என் சட்டையை உதறிக் கொடியில் போட்டாய்.

காட்டிய வழியில் வரவில்லை என்கிறாயே, அது பொய். உனக்கு அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். ஊருக்கும் மாஸ்டருக்கும் உன் அம்மாவுக்கும் சொன்னவனும் நான்தான். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் அதை வாயில் அடக்கிக்கொண்டு உன்னோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை நீ வேலைக்கு மீஞ்சூர் பஸ் ஏறிப் போனதும் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரை கை நிற்கவில்லை. முடித்ததும் நின்றது. "இன்னா பண்ணி வச்சிக்கீற நீ" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இந்த ஒரு வருஷமாக 'நைனா பேச்சக் கேட்டியா நீ' என்று உன்னைக் குத்திக்காட்டியதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததும் நேரில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "நேர்ல சொல்லுவியா? நீ மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு நின்னா அது உன்னப் பாத்துப் பாவப்பட்டுடும். அப்பறம் அது யார்கிட்ட போய்க் கோவப்படும்? எழுதிக் குடு. உன் மூஞ்சி இல்லாம படிக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்" என்றாள். பள்ளிக்கூடம் போகாதவள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. நான் எழுதி முடித்ததும் இதைக் கூடையில் வைத்துக்கொண்டு அவளே பஸ் ஏறி உன்னிடம் கொண்டுவந்து தரப்போகிறாள்.

உன் விஷயத்தில் நான் செய்த முதல் தப்பு இது இல்லை. உனக்கு எட்டு வயசில் கடலுக்கு வருகிறேன் என்று அழுதாய். பொம்பளைப் பிள்ளை படகில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாய். அந்த ஏனுக்கு என்னிடம் பதில் கிடையாது, என் அப்பனிடமும் இருந்திருக்காது. ஆகவே அதட்டினேன். நீ நம் பழவேற்காட்டு ஏரியில் குதித்துப் படகின் பின்னாலேயே நீந்தி வந்தாய். திரும்பி வந்து உன்னைத் தூக்கிக் கரையில் போட்டு ஒரு அடி கொடுத்தேன். அடித்த கை வலித்தது, ஆனால் மனசுக்குள் எவ்வளவு தூரம் நீந்திவிட்டாள் பார் என்று பெருமை. அந்தப் பெருமையை அன்றே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், பிற்பாடு ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்திருக்காது என்று இப்போது படுகிறது.

பொன்னேரியில் படிப்பை முடித்துவிட்டு நீ கோவளத்துக்குப் போய் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் சேர்ந்தாய். அங்கிருந்து ஒருநாள் அந்தப் பலகையை வேனில் ஏற்றிக்கொண்டு மாஸ்டரோடு ஊருக்கு வந்தாய். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாடி இது, இஸ்திரி பெஞ்சுக்கு அடில ஏரோப்ளேன ஒட்ட வச்சிக்கீறீங்க" என்றேன். பலகைக்குக் கீழே இடுப்பளவு நீளத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் அடியில் இரண்டு இறக்கை, ஒரு சின்ன மோட்டார். வயிற்றுக்குள் பேட்டரி. கையில் ஒரு சுவிட்சு. கடலோடுபவன் பார்க்கிற மாதிரியா இருந்தது அது? பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.  நீ அதை ஏரியில் இறக்கிக் குப்புறப் படுத்தாய், மண்டியிட்டாய், எழுந்து நின்றாய். பலகை தண்ணீரைவிட்டு மேலே எழும்பியது. சத்தம் இல்லை, புகை இல்லை, பின்னால் நுரைகூட இல்லை. நாரைகள் பறக்கக்கூட இல்லை, சும்மா நின்று பார்த்தன. என் படகு போனால் அரை ஏரிக்குப் பறவை கலையும். நான் வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மாதான் "ஏய், கீழ எறங்கச் சொல்லு அத" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நீதான் எனக்கு எல்லாம் சொன்னாய். எந்தெந்த நாட்டிலோ இதே பலகையில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகிறார்களாம். பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது, அதனால் கூடவே ஒரு படகு போக வேண்டும், நடுக்கடலில் பேட்டரியை மாற்ற வேண்டும். முதலில் பழவேற்காட்டிலிருந்து கோவளம் வரை, அது நன்றாக முடிந்தால் அடுத்த வருஷம் தனுஷ்கோடிக் கடல் என்பது உன் கணக்கு. கூடப் போகும் படகுக்கு யார் என்று கேட்டேன். "நீதான் நைனா, வேற யாரு" என்றாய். 'என்னைப் படகில் ஏற்றாதவன் நீ' என்று குத்திக்காட்ட அதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைத்திருக்காது, ஆனால் நீ குத்தவில்லை.

அந்த இரண்டு மாதம் என் ஆயுசிலேயே நல்ல மாதங்கள். தினமும் விடிந்ததும் ஏரிக்கு நடுவில் போய் பேட்டரி மாற்றிப் பழகுவோம். நீ பலகையைப் படகுக்கு ஒட்டிக் கொண்டுவந்து உட்காருவாய், நான் மூடியைத் திறந்து பழையதைத் தூக்கிப் புதியதை இறக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்குள் முடிய வேண்டும் என்று நீ போனில் நேரம் பார்ப்பாய். "ஈரக் கையோட தொடாத நைனா, எத்தினி வாட்டி சொல்றது" என்று கத்துவாய். நான் லுங்கியில் கையைத் துடைப்பேன், லுங்கி கையைவிட ஈரம். நீ தலையில் அடித்துக்கொள்வாய். கை ஜாடைகளும் அப்போதுதான் பேசி வைத்தோம். நான் கையை நேரே தூக்கினால் படகு போன தடத்திலேயே வா. இடது பக்கம் நீட்டினால் இடப்புறம் ஒதுங்கு. வலதுக்கு வலது. இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் நில். அதற்கு மேல் எதுவும் வேண்டாம், கடலில் நிறையப் பேசினால் குழப்பம் என்று நான்தான் சொன்னேன்.

இனி அந்தக் காலை. உனக்குத் தேங்காய் உடைத்தது வரைதான் ஞாபகம் இருக்கிறது. தலையில் பட்ட அடி மிச்சத்தைத் துடைத்துவிட்டது. அந்த இடத்தில் நான் என் பொய்யைப் போட்டு நிரப்பினேன். அதை எடுத்துவிட்டு நடந்ததை வைக்கிறேன். நிதானமாகப் படி.

நீ போட்ட திட்டத்தில் முகத்துவாரமே கிடையாது. பலகையைப் படகில் ஏற்றி, ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் அந்த வாயைத் தாண்டி, அலை அடங்கிய ஆழத்தில் இறக்கி அங்கிருந்து கிளம்பலாம் என்றுதான் நீ சொன்னாய். நான்தான் கூடாது என்றேன். நடுக்கடலில் கிளம்பினால் ஊரில் யார் பார்ப்பார்கள்? ஏரியிலேயே எழும்பி, ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்க்க, முகத்துவாரம் வழியாகப் பறந்து கடலுக்குப் போக வேண்டும் என்றேன். பெண்ணைக் கடலில் இறக்குகிறான் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் அத்தனை பேரும் பார்க்க வேண்டும். அது என் ஆசை. உன் ஆசை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

பொழுது விடியும்போதே புறப்பட வேண்டும் என்று நேரம் குறித்திருந்தோம், அப்போதுதான் முகத்துவாரத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும். ஊர்ப் பெரியவர்கள் வரத் தாமதமானது. மாலை வாங்கப் போனவன் வரவில்லை. மாஸ்டர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். நான்தான் இருங்க, இருங்க என்று இழுத்துப் பிடித்தேன். அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, எல்லாரும் உனக்கு மாலை போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது. மாலையைக் கழற்றி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நீ என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாய்: "நைனா, தண்ணி வத்துது. பலகைய போட்ல ஏத்திக்கலாம். வெளிய போய் எறக்கிக்கலாம். ஒண்ணும் கொறஞ்சிடாது."

இதை நீ சொன்னாய், சந்தியா. உனக்கு ஞாபகம் இல்லை, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. தண்ணீரை நீ சரியாகப் பார்த்தாய். என்ன செய்ய வேண்டும் என்பதையும் சரியாகச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் மொகத்துவாரம் எனக்குத் தெரியாதா? எத்தினி வருசமா போட்டு ஓட்டுறேன். நீ என் பின்னாடியே வா, போதும்."  நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "சரி நைனா" என்றாய்.

நீ ஏரியில் எழும்பியதையும் எழுதிவிடுகிறேன், அதுவும் உன்னிடம் இல்லாமல் போய்விட்டதே. அவ்வளவு அழகாக நீ அதற்கு முன் ஒருநாளும் எழும்பியதில்லை. கரையில் பெண்கள் கை தட்டினார்கள். உன் அம்மா தட்டவில்லை, மாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நீ படகைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாய். பக்கத்தில் வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாய். மாஸ்டர் படகின் முன்பக்கம் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்தேன். முகத்துவாரத்துக்குள் நுழைந்தோம், நீ இருபது பாகம், நூறடிக்கு மேல், தள்ளி என் தடத்தில் வந்தாய்.

இனிமேல்தான் நான் யாரிடமும் சொல்லாதது. நம் எஞ்சினுக்குப் பின்னால் நீளத் தண்டு, அதன் நுனியில் விசிறி. மணல் மேடு வரும்போது கைப்பிடியைக் கீழே அழுத்தினால் தண்டு மேலே எழும்பும், விசிறி தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். படகு வந்த வேகத்தில் மேட்டின் மேல் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அப்புறம் விசிறியை மறுபடி இறக்குவோம். இங்கே படகு ஓட்டுகிற எவனும் இதை யோசித்துச் செய்வதில்லை. கண் இமைக்கிற மாதிரி, கைக்குத் தானாக வரும். அன்றைக்கும் வந்தது. என் கை அழுத்தியது, விசிறி மேலே வந்தது, படகு எதிலும் தட்டாமல் மேட்டைக் கடந்தது. தட்டவில்லை என்பது மட்டும்தான் என் மண்டைக்குத் தெரிந்தது. விசிறியை நான் தூக்கியதால்தான் தட்டவில்லை என்பது தெரியவில்லை. தண்ணீர் இருக்கிறது, வரலாம் என்று நினைத்து நான் கையை நேரே தூக்கினேன். ஆழம் இருந்த இடது பக்கம் நீட்டவில்லை. நேரே தூக்கினேன். படகு போன தடத்திலேயே வா.

நீ வந்தாய். படகு விட்ட நுரைத் தடத்திலிருந்து விலகாமல் வந்தாய். உன் பலகையின் கம்பத்தைத் தூக்க முடியாது. நீ எவ்வளவு உயரம் பறந்தாலும் அந்த இறக்கை முழங்கால் ஆழத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும், அலையில் பலகை தாழ்ந்தால் இன்னும் கீழே போகும். இது எனக்குத் தெரியாதா? இரண்டு மாதம் தினமும் அந்தக் கம்பத்தைக் கழுவித் துடைத்தவன் நான். இறக்கை மணலில் குத்தியது. பலகை நின்றுவிட்டது, நீ நிற்கவில்லை. முன்னால் போய் விழுந்தாய், பலகை புரண்டு உன் தலையிலும் காலிலும் வந்து விழுந்தது. நான் எஞ்சினைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குதித்தேன். என் கால் தரையில் பட்டது. தண்ணீர் என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. உன்னைத் தூக்கும்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆகவே, அப்போது புரியவில்லை, பிற்பாடுதான் புரிந்தது என்றெல்லாம் நான் சொல்ல முடியாது.

சென்னை ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு, மாஸ்டர் நடைபாதையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரிலிருந்து நாலு பேர் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். "என்னண்ணே ஆச்சு?" என்று மாஸ்டர் கேட்டார். கேட்டதில் குற்றம் எதுவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். "எடது கைய காட்டுனேன். அது பாக்கல போல, நேரா வந்துடுச்சு" என்று வந்தது. யோசித்து வைத்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவில்லை, அது யோசித்துச் செய்ததுதான். முகத்துவாரம் என்றால் அவன்தான் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது. புதுப் படகு இறக்குகிறவர்கள் முதல் தடவை தாண்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். உன் கால் உள்ளே அறுவை மேஜையில் கிடந்தது, நான் வெளியே உட்கார்ந்து அந்தப் பேரைக் காப்பாற்றினேன். மூன்றாம் நாள் கண் விழித்து, "இன்னா ஆச்சு நைனா?" என்று நீ கேட்டபோது, அதே வாக்கியம் இரண்டாம் தடவை சுலபமாக வந்தது.

ஒரு ஆளுக்கு மட்டும் தெரியும். நம் எஞ்சினைப் பார்க்கும் காதர் பாய். அன்றைக்கு அவர் டவுனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்து கரையில் நின்றிருந்தார். விசிறி தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் எஞ்சின் சத்தம் மாறும், கீச்சென்று கத்தும். மற்றவர்கள் பலகையைப் பார்த்தார்கள், அவர் எஞ்சினைக் கேட்டார். ஆறு மாதம் கழித்துப் பிளக் மாற்றப் போனபோது, தலையை நிமிர்த்தாமலே, "அன்னிக்கு மேட்டு மேல எஞ்சின் காத்துல கத்துச்சேபா. நீயே கொயந்தகிட்ட சொல்லிடுவன்னு இருந்தேன்" என்றார்.  பிளக்கை மாற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எஞ்சின் ரிப்பேருக்கு வேறு ஆளிடம் போகிறேன். இப்படிக்கூட ஒரு மனுஷன் கூசிப்போவானா என்றால், போவான். மாஸ்டர் எடுத்த வீடியோ உன் போனில் இருக்கும், நீ இதுவரை அதைத் திறந்ததில்லை என்று எனக்குத் தெரியும். அதில் நீ மட்டும்தான் இருக்கிறாய், நான் காட்டிய கை இல்லை. ஆனால் நீ விழுவதற்குச் சற்று முன்னால் எஞ்சின் கத்துவது கேட்கும். நான் சொல்வதை நம்ப வேண்டும் என்பதில்லை. என் பேச்சை நம்பியது போதும். திறந்து காதால் கேள்.

அந்தக் கால் இனிப் பலகையில் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை எதைக் கொடுத்தும் நான் மீட்க முடியாது. மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கும், ஆனால் அழுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டாமா என்று அடக்கிக்கொள்வேன். உன் காலை நான் எடுத்தது ஒரு நொடியில், தெரியாமல். மற்றதைத் தெரிந்தே எடுத்தேன், தினம் தினம் எடுத்தேன். மீஞ்சூரில் எடை மேடை ஆபீசில் உட்கார்ந்து லாரி நம்பர்களைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். ஆட்டோ பாலத்தில் வரும்போது ஏரிப் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்க்கிறாய். தண்ணீரைப் பார்த்தாலே 'எனக்கு அது புரியாது' என்று நினைக்கிற பெண்ணாக உன்னை ஆக்கிவிட்டேன். அன்றைக்கு அங்கே நின்ற அத்தனை பேரிலும் தண்ணீர் புரிந்தது உனக்கு ஒருத்திக்குத்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் மாஸ்டருக்குப் போன் செய். எனக்காக வேண்டாம், அந்தத் தூத்துக்குடிப் பெண்ணுக்காகச் செய். அவளுக்கு முன்னால் போகிற படகையும் என்னைப் போல ஒருவன்தான் ஓட்டுவான். தனுஷ்கோடிப் பக்கமும் மணல் திட்டுகள் உண்டு, அவனுக்கும் அது அவன் கடல், அவனுக்கும் கை தானாக அழுத்தும். தண்ணீர் இருக்கிறதா என்று அவனிடம் கேட்காதே, இருக்கிறது என்றுதான் சொல்லுவான். அவனைப் பார்த்தபடி உட்கார். அவன் கையைப் பார். விசிறி மேலே வந்தால் அந்த நொடியே இரண்டு கையையும் குறுக்கே வைத்து அவளை நிறுத்து. நரைத்த தலை, முப்பது வருஷ அனுபவம் என்று யாராவது உன்னை அடக்கினால் அடங்காதே. இதைச் சொல்லத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான் இருக்கிறாய். நீ போகாவிட்டால் சொல்ல யாரும் இல்லை. வரும் அமாவாசைக் கூட்டத்தில் நான் ஊரிலும் எழுந்து சொல்லப்போகிறேன். அதற்கு நீ வர வேண்டியதில்லை. இனி யாருடைய படகையும் நான் முகத்துவாரம் தாண்டிக் கொடுக்கப்போவதில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், உன் அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, நீ முதல்முதலாகக் கட்டையை ஊன்றி நடந்த நாள். வாசல் வரை போவாய் என்று நினைத்தேன், நீ நான் வலை பிரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாய். நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "நைனா, நீ அவ்ளோ சொல்லிக் குடுத்த. நான்தான் உன் கையப் பாக்கல. ஊருக்கு முன்னாடி உன்னத் தலகுனிய வச்சிட்டேன். மன்னிச்சிடு நைனா" என்றாய். அழுதாய். நான் எழுந்து உன் தலையில் கை வைத்தேன். "பரவால்ல விடும்மா" என்றேன். நான், உன்னை மன்னித்தேன், சந்தியா. உன் தலையில் கை வைத்து மன்னித்தேன். பொய் சொன்னதைக்கூட ஒருநாள் நீ மறந்துவிடலாம், இதை மறக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்று கேட்கமாட்டேன். வந்தால், வாசலில் என்னைப் பார்த்ததும் 'பரவால்ல நைனா' என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொல்லிவிடுகிற பெண், அதுதான் பயமாக இருக்கிறது. கத்து. எதை வேண்டுமானாலும் தூக்கிப் போடு. பேசாமல் உன் அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போ. எதுவாக இருந்தாலும் நான் அங்கேயே நிற்பேன். மேட்டின் மேல் நான் கையைத் தூக்கியபோது நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். உனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்டாய். அன்றைக்கு நீ செய்த ஒரே தப்பு அதுதான்.